வருடத்தை முடித்துவிட்டுப் புறப்படுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு வெளிநாட்டில் படிப்பிக்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் போவதைப் பற்றித்தான். எந்த நாடு நல்லது, சம்பளம் எவ்வளவு, ஏஜென்சி வேணுமா, ஐஈஎல்டிஎஸ் கட்டாயமா. தாய்லாந்தின் தெற்கே நக்கோன் சி தம்மராட் என்ற நகரத்தில், ஓர் அரச பாடசாலையில், 2023 மே தொடக்கம் 2024 மார்ச் வரை ஆங்கிலம் படிப்பித்தேன். முடித்த கையோடு ஊருக்கு வராமல் மலேசியா, வியட்நாம் என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். போகிற வழியைச் சொல்ல ஊரில் கனபேர் இருக்கிறார்கள். எடுத்த வருடத்தை ஒழுங்காக முடிப்பது எப்படி, முடித்துவிட்டு அங்கிருந்தே நிம்மதியாகப் பயணம் கிளம்புவது எப்படி என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதனால் அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

போவதைப் பற்றிச் சுருக்கமாக. தாய்லாந்துப் பாடசாலைகளில் படிப்பிக்கப் பட்டம் வேண்டும். எங்களைப் போல, ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 600 புள்ளி, அல்லது அதற்கு ஈடான ஐஈஎல்டிஎஸ் புள்ளி கேட்பார்கள். பட்டச் சான்றிதழையும் பொலிஸ் அறிக்கையையும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்தில்) அதன் கிளை இருக்கிறது. கடவுச்சீட்டுக்கும் 2025 செப்டெம்பரில் இருந்து கச்சேரியிலேயே அலுவலகம் இருக்கிறது. எங்கள் காலத்தில் வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போக வேண்டியிருந்தது. வருடத்தை முடித்துவிட்டுப் பயணமும் போக நினைப்பவர்கள் புறப்பட முன்னமே கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிடுங்கள். அநேகமான நாடுகள் உள்ளே நுழைகிற நாளில் இருந்து 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கும். தூதரகத்தில் விண்ணப்பித்தால் அது கொழும்புக்குப் போய்த் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே வகுப்பறை, ஒரே பாடம், ஒரே மணித்தியாலம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருந்து வந்தவருக்கு 35,000 பாத் என்றால், பிலிப்பைன்ஸில் இருந்து வந்தவர்களுக்கும் எனக்கும் 20,000க்கும் 25,000க்கும் இடையில்தான். இது அநியாயம். அந்த அநியாயத்தைத் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் பயணத்துக்கான சேமிப்பை அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நான் இருந்த காலத்தில் ஒரு பாத் எங்கள் காசில் எட்டரை ரூபா அளவில் இருந்தது. அறை வாடகை 3,500, சமூகப் பாதுகாப்பு நிதிக்கு மாதம் 750, பாடசாலைக்கு எதிரே இருந்த கடையில் ஒரு தட்டுச் சோறு 50 பாத். செலவு போக மிஞ்சியதை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை அம்மாவுக்கு அனுப்பினேன், மற்றதைத் தொடாமல் வைத்திருந்தேன். பிலிப்பைன்ஸ் ஆசிரியைகள் எனக்குக் கிடைத்த பெரிய துணை. எந்தக் கடிதத்தை எப்போது கேட்க வேண்டும், எந்தப் படிவத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று நான் கீழே சொல்லப்போவதில் பாதி அவர்களிடம் கற்றது.

ஒக்டோபரில் ஒரு சோதனை வரும். தாய்லாந்தில் முதலாம் தவணை மே நடுவில் தொடங்கிச் செப்டெம்பர் கடைசியில் முடியும். ஒக்டோபர் விடுமுறை, நவம்பரில் இரண்டாம் தவணை. அந்த விடுமுறையில் வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள். கையில் ஐந்து மாதச் சம்பளம், கடற்கரையும் தீவுகளும் கூப்பிடு தூரத்தில், இன்னும் ஐந்து மாதம் வெக்கையில் நின்று கத்துவதற்கு எதற்கு என்று தோன்றும். எங்கள் பாடசாலையிலும் ஒருவர் அப்படிப் போனார். அவருடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வருடத்தில் அதற்கு முன்னமே ஓர் ஆசிரியர் மாறியிருந்தார். நவம்பரில் அந்த வகுப்புகளில் சிலதை என்னிடம் தந்தார்கள். உள்ளே போய் நின்றபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் எத்தனை மாதம் இருப்பீர்கள் என்பதுதான். அவர்கள் கோபத்தில் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போலச் சாதாரணமாகக் கேட்டார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு அந்தக் கேள்வி தெரியும். நான் ஒன்பதாம் ஆண்டில் இருந்தபோது எங்கள் ஆங்கில ரீச்சருக்கு வருட நடுவில் இடமாற்றம் வந்தது. பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. ஆங்கிலப் பாடத்துக்கு மணி அடித்ததும் நாங்கள் வேறு பாடத்துக் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டு இருப்போம். ரியூசனுக்குப் போக வசதி இருந்த பிள்ளைகள் தப்பினார்கள். மற்றவர்களில் பலர் சாதாரண தரத்தில் ஆங்கிலத்தை விட்டுவிட்டார்கள். ரீச்சரில் ஒரு பிழையும் இல்லை, அவருக்குக் கடிதம் வந்தது, போனார். ஆனால் தானாகப் போகிற எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. எங்களுடைய பயணத்துக்கு முன்னால் வருகிற ஒரு வருடம் அந்தப் பிள்ளைகளுக்கு மத்தியமம் (அங்கே இடைநிலை வகுப்பு) இரண்டு, மத்தியமம் மூன்று என்று திரும்ப வராத வகுப்பு. போகிற ஆசை எவ்வளவு இருந்தாலும் மார்ச் வரை நில்லுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

அந்தப் பிள்ளைகள் ஆசிரியரை எப்படி நடத்துவார்கள் என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' என்று ஒரு சடங்கு நடக்கும். பிள்ளைகள் வரிசையாக முழந்தாளில் வந்து, பூத்தட்டுக் கொடுத்து ஆசிரியர்களை வணங்குவார்கள். அந்தத் தட்டில் வழமையாக வைப்பவை வெட்சிப்பூ, கத்தரிப்பூ, அறுகம்புல். பிள்ளையாருக்கு அறுகம்புல் பறித்து வளர்ந்த எனக்கு, அந்தப் புல்லைத் தட்டில் கண்டதும் கண் கலங்கிவிட்டது. அறுகு எங்கும் படர்ந்து வேர் விடுகிற மாதிரி அறிவும் வளர வேண்டும் என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்து சில கிழமைதான். எதுவும் படிப்பிக்கத் தொடங்க முன்னமே தந்துவிட்ட மரியாதை அது. அதை வாங்கிக்கொண்டு ஒக்டோபரில் எப்படிப் போவது?

இனி, முடிப்பதைப் பற்றி.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது கடைசித் தேதி. சம்பளத்தை எல்லோரும் பார்ப்பார்கள். வேலை முடியும் தேதியை அநேகமானோர் பார்ப்பதில்லை. தாய்லாந்தில் எங்களுடைய விசா நீடிப்பு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிகிற நாளோடு இருக்கிற அனுமதியும் முடியும். கடவுச்சீட்டில் குத்திய முத்திரையில் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு தங்கினால் அது சட்டவிரோதம். மேலதிகமாகத் தங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் 500 பாத் தண்டம், உச்சம் 20,000. காசு கட்டினால் சரி என்றும் நினைக்கக்கூடாது. இலங்கைக் கடவுச்சீட்டில் அப்படி ஒரு பதிவு விழுந்தால் அடுத்த நாட்டு விசாவுக்குப் போகும்போது பதில் சொல்ல வேண்டி வரும். வேலை முடிந்தபின் சில நாள் தேவைப்பட்டால் குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாத் கட்டி 7 நாள் கேட்கலாம். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம், அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள்.

ஏஜென்சி மூலம் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில ஒப்பந்தங்கள் மார்ச் முதல் கிழமையில், கடைசிப் பரீட்சையோடு முடியும். சில மார்ச் 31 வரை போகும். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஒரு மாதச் சம்பளமும் ஒரு மாத விசாவும் இருக்கிறது. என்னுடையது மார்ச் 31 வரை. பரீட்சை, புள்ளி, திரும்ப எழுதுகிறவர்கள் எல்லாம் மார்ச் நடுவில் முடிந்துவிட்டன. மிச்ச நாட்களில் பாடசாலைக்கு வரத் தேவையில்லை என்று துறைத் தலைவியிடம் எழுத்தில் வாங்கினேன். அந்த இரண்டு கிழமையும் சட்டப்படி வேலையில் இருந்துகொண்டே, அறையைக் காலி செய்யவும் பாங்கொக் போகவும் தெற்கைப் பார்க்கவும் எனக்கு உதவின. ஒப்பந்தம் எழுதும்போதே, பாடசாலை கூப்பிடாத நாட்கள் எவை, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டு எழுதுவியுங்கள். கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

இந்தத் திரும்ப எழுதுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் விமானச் சீட்டை அதற்கு முன் எடுத்துவிட்டுத் தவித்தவர்களைக் கண்டிருக்கிறேன். அங்கே ஒரு பிள்ளை பாடத்தில் சுழியம் எடுத்தாலோ, வேலைகளை ஒப்படைக்காமல் புள்ளி நிறுத்திவைக்கப்பட்டாலோ, அந்த ஆசிரியரிடமே வந்து அதைச் சரிசெய்ய வேண்டும். பரீட்சை முடிந்த கிழமையில் ஆசிரியர் அறைக்கு வெளியே சப்பாத்துகள் வரிசையாகக் கிடக்கும். உள்ளே பிள்ளைகள் நிலத்தில் இருந்து விடுபட்ட பயிற்சிகளை எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர் போய்விட்டால் அந்தப் பிள்ளையின் புள்ளி தொங்கிக்கொண்டு நிற்கும், வேறு ஓர் ஆசிரியர் தலையில் அது விழும். சில இடங்களில் புள்ளி முழுவதும் பதியும்வரை கடைசிச் சம்பளத்தையும் தரமாட்டார்கள். ஆகவே புள்ளிப் பதிவு மூடுகிற தேதியை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு ஒரு கிழமை விட்டுச் சீட்டு எடுங்கள்.

நான் அந்தக் கிழமைகளில் செய்தவற்றுள் எனக்கு மிகவும் நிறைவு தந்தது, எனக்குப் பிறகு வருகிறவருக்கு எழுதிய குறிப்புக் கொப்பிதான். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பக்கம். எந்தப் பாடம் எதுவரை முடிந்தது, எது ஓடவில்லை. எந்தப் பிள்ளை வாய் திறக்காது, ஆனால் எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதும். எந்தப் பிள்ளை பின் வாங்கில் இருந்தால் படுத்துவிடும், முன்னுக்கு வைத்தால் வகுப்பையே நடத்தும். யாரை எல்லோர் முன்னாலும் திருத்தக்கூடாது. ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தவணை முழுவதும் எடுத்தது. அடுத்தவரும் சுழியத்தில் இருந்து தொடங்கினால் அந்த ஒரு தவணை பிள்ளைகளுக்குத்தான் நட்டம். எங்கள் ஒன்பதாம் ஆண்டு ரீச்சருக்கு இப்படி ஒரு கொப்பி எழுத நேரம் கிடைத்து, பதிலுக்கு யாராவது வந்தும் இருந்தால், அவர் அதைப் பிடித்துக்கொண்டு எங்களை நடத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

பிரியாவிடையை மார்ச்சுக்குத் தள்ள வேண்டாம். மத்தியமம் மூன்றாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகும் நாள் முன்னமே வந்துவிடும். அன்றைக்கு ஒருவரின் சேட்டில் ஒருவர் பேனையால் எழுதுவார்கள், இதய வடிவ ஸ்டிக்கர்களை ஆசிரியர்களின் உடுப்பெல்லாம் ஒட்டுவார்கள். அந்த நாளுக்கு முன் வகுப்பில் நின்று, நான் மார்ச் 31க்குப் பிறகு இங்கே இருக்கமாட்டேன், மேயில் புது ரீச்சர் வருவா என்று நேராகச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அழத் தெரியும், அழுதுவிட்டு அடுத்த கேள்வி கேட்கவும் தெரியும். சொல்லாமல் போவதைத்தான் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

2024 பெப்ரவரி 24, மாசிப் பௌர்ணமி. அந்த நகரத்தின் பெரிய விகாரையான வட் மகாதாத்தின் தாதுகோபத்துக்கு நீளமான துணியை ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சுற்றுகிற திருவிழா. எங்கள் வகுப்பும் ஒரு துண்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தது. அந்தத் தாதுகோபம் இலங்கைப் பாணியில் கட்டியது. 13ஆம் நூற்றாண்டில் அந்த மண்ணில் இருந்துதான் சந்திரபானு என்ற அரசன் படையெடுத்து வந்து இலங்கையின் வடக்கை ஆண்டான் என்று என் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, அப்படியென்றால் நாங்கள் உங்கள் ஊருக்கு ஏற்கனவே வந்திருக்கிறோம் என்று ஒரு பெடியன் ஆங்கிலத்தில் சொன்னான். ஜூன் மாதத்தில் தன் பெயரைச் சொல்லவே கூசியவன் அவன். நின்று முடித்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்த வசனம்.

கடதாசி விடயங்களுக்கு வருகிறேன். வேலை அனுமதி கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை இவை. முதலாவது, சேவைச் சான்றிதழ். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, படிப்பித்த வகுப்புகள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதிபரின் கையொப்பமும் பாடசாலை முத்திரையும் வேண்டும். தாய் மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. 'இவர் நல்ல ஆசிரியை' என்று மட்டும் எழுதிய கடிதம் பிறகு எங்கும் எடுபடாது. இரண்டாவது, சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று. மூன்றாவது, வங்கி. தாய்லாந்து வங்கியில் இருந்து வெளிநாட்டுக்குக் காசு அனுப்பும்போது வேலை அனுமதியையும் சம்பளச் சான்றையும் கேட்பார்கள். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தபின் அது சிக்கல். அதனால் பெரிய தொகையை முதலே அம்மாவின் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பினேன். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம் அனுப்பினால், கூடக் கிடைக்கும் என்று அங்கும் சொன்னார்கள். ஒரு வருட உழைப்பை எந்தத் துண்டும் இல்லாமல் இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, சட்டமும் அதற்கு இடம் தராது. கடைசிச் சம்பளம் மாத முடிவில்தான் விழும். அதுவரை கணக்கை மூட வேண்டாம், தொலைபேசி இலக்கத்தையும் கைவிட வேண்டாம். வங்கிச் செயலி அந்த இலக்கத்தோடுதான் கட்டப்பட்டிருக்கும்.

நான்காவது, எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் கேட்க வேண்டியது. தாய்லாந்துப் பொலிஸின் நற்சான்று. பாங்கொக்கில் பொலிஸ் தலைமையகத்தில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, கைரேகை எடுப்பார்கள். அங்கே இருக்கும்போது எடுப்பது சுகம். யாழ்ப்பாணத்தில் எத்தனை குடும்பங்களுக்குக் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ சொந்தம் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. நாளைக்கு ஒரு விண்ணப்பம் போடும் நிலை வந்தால், கனடா தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளின் பொலிஸ் சான்றைக் கேட்கும். அவுஸ்திரேலியா 12 மாதத்தைக் கணக்கெடுக்கும். சிலர் சான்று காலாவதியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை எடுத்த பதிவு இருந்தால் அடுத்தமுறை எப்படிக் கேட்பது என்றாவது தெரியும்.

அறைக்கு வழமையாக ஒன்றிரண்டு மாத வைப்புக் காசு கொடுத்திருப்போம். ஒரு மாதம் முன்கூட்டி எழுத்தில் அறிவித்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். குடிபோன நாளிலேயே சுவர், தளபாடம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்தேன், வெளியேறும்போது அவை உதவின. சோறு சமைக்கும் குக்கரையும் மின்விசிறியையும் பிலிப்பைன்ஸ் ஆசிரியைகள் எடுத்துக்கொண்டார்கள். பாரத்தைக் குறைப்பதில் தயங்க வேண்டாம்.

இப்போது வீட்டைப் பற்றி. கடதாசி எல்லாவற்றையும்விட இதுதான் கடினம், இதை யாரும் எழுதுவதும் இல்லை.

"வருசம் முடிஞ்சா நேர வீட்டை வா பிள்ளை. சுத்திப் பாக்கிறதெண்டா பிறகு கலியாணம் கட்டி அவரோட போய்ப் பார்" என்றுதான் அம்மா ஒவ்வொரு முறையும் சொன்னா. சித்தி இன்னும் ஒருபடி மேலே போய், தனிய ஊர் சுத்துற பெட்டையெண்டு பேர் எடுத்துப்போட்டு வராத என்றா. அவர்கள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. பிள்ளைகள் வெளியே போனால் திரும்பி வருவார்களா என்று பயந்து பயந்து வாழ்ந்த தலைமுறை அது. அந்தப் பயத்தைப் பழமைவாதம் என்று நான் தள்ளவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அதனால் புறப்பட இரண்டு மாதம் முன்னரே, பெரியப்பாவையும் வைத்துக்கொண்டு வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த நாளில் எந்த நகரம், எந்த விடுதி, அதன் தொலைபேசி எண், வீட்டுக்கு அனுப்பிய காசு எவ்வளவு, பயணத்துக்கு வைத்தது எவ்வளவு. ஒவ்வொரு நாளும் இலங்கை நேரம் இரவு எட்டு மணிக்குச் செய்தி போடுவேன், போடாவிட்டால் யாருக்கு அழைக்க வேண்டும் என்று ஒரு பெயரும் கொடுத்தேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் வந்துவிடுவேன் என்றும் சொன்னேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மலேசியாவுக்குப் போறதெண்டா அப்புவின்ர இடத்தையும் பாத்துக்கொண்டு வா" என்றார். அதோடு வீட்டில் பேச்சு மாறிவிட்டது. அம்மா கேட்கத் தொடங்கியது எந்த விடுதியில் சமையலறை இருக்கிறது என்பதைத்தான்.

அப்பு என்று அவர் சொன்னது என் பூட்டனை. பிரித்தானியர் காலத்தில் மலாயா ரயில்வேயில் லிகிதராக இருந்துவிட்டுப் பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். எங்கள் வீட்டுப் பழைய கல்வீடு அந்தக் காசில் கட்டியது. இப்படி ஒரு மலாயாப் பென்சனியர் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கிறார். வீட்டுக்காரர் தங்களுடையது என்று உணர்கிற ஓர் இடத்தைப் பயணத்துக்குள் வைத்தால், அந்தப் பயணம் அவர்களுடையதும் ஆகிவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு நான் தருகிற ஆலோசனைகளில் இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

வழியை விசாவை வைத்துத்தான் போட வேண்டும், ஆசையை வைத்துப் போட முடியாது. மற்ற நாட்டு ஆசிரியர்கள் எல்லையில் முத்திரை வாங்கிக்கொண்டு கம்போடியாவுக்கும் லாவோசுக்கும் பஸ்ஸில் போவதைப் பார்த்துவிட்டு நாங்களும் கிளம்ப முடியாது. அவர்கள் சொல்லும் விதி அவர்களுடைய கடவுச்சீட்டுக்கானது. ஒவ்வொரு நாட்டின் அரச தளத்திலும் இலங்கை என்று போட்டுப் பாருங்கள். மலேசியாவுக்கு நான் இணையவழி விசாவை முன்கூட்டியே எடுத்தேன். வியட்நாம் 2023 ஓகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் இணைய விசா கொடுக்கிறது, ஒருமுறை நுழைவுக்கு 25 டொலர். சிங்கப்பூருக்கு எங்களுக்கு விசா தேவையில்லை. தாய்லாந்துக்கே திரும்ப வருவதாக இருந்தால், 2024 ஜூலையில் விசா விலக்குப் பட்டியலில் இலங்கையையும் சேர்த்தார்கள், அது நான் முடித்த பிறகு வந்தது. இந்த விதிகள் மாறுபவை, சீட்டு எடுக்கிற நாளில் திரும்பப் பாருங்கள். தாய்லாந்து விசாவில் இருக்கும்போது இடையில் வெளியே போய் வருவதானால் மறுநுழைவு அனுமதி எடுக்காமல் போக வேண்டாம், இருக்கிற விசா அத்தோடு செத்துவிடும்.

மார்ச்சின் கடைசி இரண்டு கிழமையில், தெற்குத் தாய்லாந்தில் இருக்கிற தக்குவாபாவுக்குப் போனேன். அந்தப் பகுதியில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதைக் காக்கும் பொறுப்பை மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவுக்குக் கொடுத்ததையும் அது சொல்கிறது. குளம் வெட்டியவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த ஆற்றங்கரையில் நின்றபோது, நான் தூர தேசத்தில் நிற்பதாக நினைக்கவே முடியவில்லை. மார்ச் 31 விடிய ஹட்யாயில் இருந்து கோலாலம்பூருக்கு விமானம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஸ்கொட் வீதியில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயிலில் பூசை நடக்கும்போது பெரியப்பாவுக்கு அழைத்தேன். அவர் அந்தப் பக்கம் எழும்பி நின்றுகொண்டு கும்பிட்டதாக அம்மா பிறகு சொன்னா. வியட்நாமில் மி சன் சிவன் கோயில்களைப் பார்த்தேன், 1999இல் உலக மரபுரிமையாக அறிவித்த இடம். மழைக்கால விடியற்காலையில் போக வேண்டாம், செங்கல் படிகள் வழுக்கும். இவற்றைப் பற்றி எழுதினால் அது வேறொரு கட்டுரை.

வருடத்தை முழுதாக முடித்துவிட்டுப் போனதால் பயணத்தில் கிடைத்த பெரிய நன்மை, பின்னால் இருந்து ஒரு அழைப்பும் வரவில்லை என்பதுதான். பாடசாலை எதையும் கேட்கவில்லை, வங்கி எதையும் கேட்கவில்லை, வீடு எட்டு மணிச் செய்தியோடு அமைதியாக இருந்தது. அதோடு, ஒக்டோபரில் விட்டுப் போயிருந்தால் அந்தச் சேவைச் சான்றிதழ் கிடைத்திருக்காது. முழு வருடம் என்று எழுதிய கடிதத்துக்கும் ஐந்து மாதம் என்று எழுதிய கடிதத்துக்கும் அடுத்த நேர்முகத்தில் இருக்கிற வித்தியாசத்தை நான் நேரில் பார்த்தேன்.

இப்போது திருநெல்வேலியில் ஒரு சிறு வகுப்பு நடத்துகிறேன். அங்கே படித்த பிள்ளை ஒருத்தி வருகிற மேயில் தாய்லாந்துக்குப் போகிறா. போன கிழமை அவவுக்கு ஒப்பந்தம் வந்தது. இருவரும் இருந்து வரி வரியாக வாசித்தோம். சம்பளம் பரவாயில்லை. முடிவுத் தேதி 'இரண்டாம் தவணை முடியும்வரை' என்று மட்டும் இருந்தது. மார்ச் 31 என்று தேதியைப் போட்டுத் தரும்படியும், கடைசிச் சம்பளம் எப்போது என்று எழுதும்படியும் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம். அவவின் அம்மா நாளைக்குப் பின்னேரம் என்னைக் காண வருவதாகச் சொல்லியிருக்கிறா. பிள்ளை வருடம் முடிந்து எங்கெங்கே போக நினைக்கிறா என்ற பட்டியலை அதற்கு முன் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.